விசிறியின் கூச்சல்

கொளவாய் ஏரிக் கரையிலே லாரி வந்து நின்றபோது, அந்த இரைச்சலைக் கேட்டுக் கொக்குகள் கூட்டமாய்ப் பறந்தன என்று எழுத ஆசைதான். பறக்கவில்லை! பெருஞ்சாலை ஓரத்தில் குடித்தனம் நடத்தும் கொக்குகளுக்கு லாரியின் ஓசை புதிதா என்ன? திரும்பிப் பார்த்தவர்கள் மனிதர்கள். தேநீர்க்கடையிலே கோப்பையும் கையுமாய் நின்றவர்கள், "என்ன இது, விமானமா?" என்பதுபோல் நம் வண்டியைப் பார்த்தார்கள். வண்டியோ அசைவற்று நிற்கிறது. அதன் முகத்துக்குப் பின்னால், எஞ்சினுக்கு முன்னால், ஒரு விசிறி மட்டும் வெறிகொண்டதுபோல் சுழன்று, ஊளையிட்டுக்கொண்டிருக்கிறது.

நாம் எழுதுகோல் பிடிப்போரேயன்றி ஸ்டியரிங் பிடிப்போர் அல்லோம். எனினும், நம் துணைவியின் தம்பி வாங்கிய பத்துச் சக்கர டிப்பர் லாரியிலே நமக்கும் பாதிப் பங்குண்டு. பங்குண்டு என்பதைவிட, பாதிக் கடன் உண்டு என்பதே பொருத்தம். செங்கற்பட்டுக்கு அப்பாலுள்ள கல்லுடைப்பிலே ஜல்லி ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் எழும்பும் மாளிகைகளுக்குக் கொட்டிவிட்டு வருவது அதன் வேலை. செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நாளுக்கு மூன்று நடை. திங்கள் பிறந்தால் தவணை. வண்டி ஒருநாள் நின்றால், தவணை நிற்குமா? நிற்காது!

சென்ற ஆண்டு சித்திரையில்தான் அந்தக் கூச்சல் தொடங்கிற்று. முதலில் மேட்டில் மட்டும், பிறகு சமதரையிலும். பேச்சுக் குரல் கேளாத அளவுக்கு இரைச்சல். டீசல் கணக்கும் மெல்ல மெல்ல ஏறிற்று.

மைத்துனர் நோயைக் கண்டுபிடிக்க அரை நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. "கண்ணு பட்டிருக்கு மாமா. புது வண்டி எடுத்த நாள்முதலா ஊரே பார்க்குது" என்றார். அன்று மாலையே பூசணி உடைந்தது, எலுமிச்சை நசுங்கியது, மிளகாய் தொங்கியது. போதாக்குறைக்கு, கோரைப்பல் காட்டி நாக்கை நீட்டும் திருஷ்டி முகமொன்றை, ஓர் அகன்ற பலகையிலே தீட்டுவித்து, வண்டியின் முன்வலைமேல் கம்பிகொண்டு இறுகக் கட்டிவிட்டார். நாம் நகைத்தோம். "ஐயா! லாரி சாணத்தையும் சாம்பிராணியையும் தின்று ஓடுவதில்லை. டீசலைத் தின்று ஓடுகிறது. காரணம் இல்லாமல் காரியம் உண்டோ?" என்று, மேடைகளிலே பலமுறை பேசிக் கைதட்டல் வாங்கிய பேச்சை அவரிடமும் பேசினோம். அவர் கைதட்டவில்லை. "சரி மாமா, நீங்கதான் காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்களேன்" என்றார். நியாயமான கேள்வி. நம்மிடம் விடை இல்லை.

விடை தேடி நாம் செய்தது என்ன தெரியுமா? ஊரிலே பெரிய பெயர் பெற்ற பட்டறை ஒன்றுக்கு வண்டியை அனுப்பினோம். பெயர் வேண்டாம். அங்கே குளிரூட்டிய அறையில் இருந்தவர் வெளியே வந்தார், அரை நிமிடம் காது கொடுத்தார், "பேன் கிளட்ச் போச்சு" என்றார், உள்ளே போய்விட்டார். கிளட்சை மாற்றினார்கள். கணிசமான தொகை. பிறகு வண்டியை, சுமையின்றி, நான்கு தெரு சுற்றி ஓட்டிக் காட்டினார்கள். அமைதி! என்னே அறிவியலின் ஆற்றல் என்று மைத்துனரைப் பெருமிதத்தோடு பார்த்தோம். மறுநாள் ஜல்லி ஏற்றிப் புறப்பட்ட வண்டி, திருக்கழுக்குன்றம் சேருமுன் பழையபடி ஊளையிட்டது. மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நம்மை அதிகம் சுட்டது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். அதை எழுதுவது நமக்கு எளிதன்று.

நம் வண்டியில் கிளீனராக இருப்பவன் பத்தொன்பது வயதுப் பிள்ளை. பாலாற்றங்கரை ஊரான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. தந்தையின் நோய் முடித்துவைத்தது என்பதே சரி. தார்ப்பாய் இழுத்துக் கட்டுவது, சக்கரத்துக்குக் கல் வைப்பது, கண்ணாடி துடைப்பது, பின்னோக்கி வரும்போது "வா வா" என்று தட்டுவது, இவைதாம் அவன் தொழில். கூச்சல் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவன் நம்மிடம் வந்தான். "ஐயா, பேன் கெட்டுப்போய்க் கத்தலீங்க. உள்ளே எதுக்கோ மூச்சு முட்டுது. அதுக்காகத்தான் பேன் கத்துது" என்றான்.

நாம் என்ன சொன்னோம்? "தம்பி, நீ போய்த் தார்ப்பாயைக் கட்டு" என்றோம்.

ஆம்! கண்ணேறு என்று சொன்னவரை எள்ளி நகையாடிய நாம்தான்! பிறப்பைப் பார்த்து ஒருவன் சொல்லை மதிப்பிடாதே என்று பக்கம் பக்கமாக எழுதிய இந்தக் கைதான், அவனைத் தார்ப்பாய்ப் பக்கம் காட்டியது. குளிரறையில் இருந்தவர் அரை நிமிடம் கேட்டுச் சொன்னதை நம்பினோம். ஒருமாத காலம் இரவும் பகலும் அந்த ஒலியோடு பயணம் செய்தவன் சொன்னதைக் கேட்கக்கூட இல்லை. மைத்துனர் பூசணிக்காயை நம்பினார். நாம் நாற்காலியை நம்பினோம். இரண்டில் பூசணி மலிவு!

ஓட்டுநர்தான் நம் கண்ணைத் திறந்தவர். ஐம்பதைக் கடந்தவர், அதிகம் பேசாதவர். இடக்கையின் ஆட்காட்டி விரல் நுனி அவருக்கு இல்லை. கிளீனராய் இருந்த காலத்தில், ஓடும் எஞ்சினின் பட்டையருகே துணியோடு கையை நீட்டியதற்குக் கொடுத்த விலை அது. "பையன் கருவிப்பெட்டி மூடியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தோம். மூடியின் உட்புறமெங்கும் சாக்கட்டிக் கோடுகள். வட்டமிட்டால் சுமை உண்டு. வெறுங்கோடு என்றால் வெறும் வண்டி. குறுக்குக் கோடு விழுந்த இடம் கூச்சல் எழுந்த நடை. பக்கத்திலே மணி. ஒருமாதக் கணக்கு! வட்டங்களிலெல்லாம் குறுக்குக் கோடு; வெறுங்கோடுகளில் அனேகமாக இல்லை. உச்சிவேளை நடைகளில் உண்டு. விடியற்கால நடைகளில் குறைவு. பட்டறைக்காரர் வெறும் வண்டியை ஓட்டிக் காட்டியபோது அமைதி நிலவியது ஏன் என்பதற்கு விடை, அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே அந்த மூடியில் எழுதப்பட்டிருந்தது.

சுமை கூடினால் கூச்சல். வெயில் ஏறினால் கூச்சல். அப்படியானால் கூச்சலுக்கும் சூட்டுக்கும் உறவு. இதைச் சொல்ல எந்த நாற்காலி வேண்டும்?

காதால் நோய் கண்டறிவது பழைய கலை. ஆஸ்திரிய நாட்டிலே லியோபோல்ட் ஆவன்புருக்கர் என்ற மருத்துவர், நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக்கொண்டு உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் முறையை 1761-இல் நூலாக வெளியிட்டார். அவர் தந்தை விடுதி நடத்தியவர். மதுப் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்து, எதுவரை நிரம்பியிருக்கிறதென்று அறியும் பழக்கத்திலிருந்துதான் மகனுக்கு அந்த எண்ணம் பிறந்தது என்பர். நூல் வந்தபோது பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. நெப்போலியனின் மருத்துவரான கோர்விசார், 1808-இல் அதைப் பிரெஞ்சு மொழியில் விளக்கத்தோடு வெளியிட்ட பிறகே உலகம் செவிசாய்த்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1816-இல், பாரிசில் ரெனே லென்னெக் தாளைச் சுருட்டிக் குழலாக்கி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். மருத்துவர் கழுத்தில் இன்று தொங்கும் கருவிக்கு அந்தச் சுருட்டிய தாளே மூதாதை. செங்கற்பட்டிலே 1965 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மாணவர்கள் கழுத்தில் குழாயோடு சாலையைக் கடக்கும்போது, எதிர்ப்புறத்துக் கடையிலே, நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு அணைத்துக் கேட்கும் மெக்கானிக்கை நாம் எத்தனையோ முறை பார்த்ததுண்டு. இருவரும் செய்வது ஒன்றே. ஒருவருக்கு வெள்ளை அங்கி, மற்றவருக்குக் கருத்த அங்கி.

வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பின் நிழலில் வண்டியை நிறுத்தினோம். ஓட்டுநரும் பையனும் ஆய்வாளர், நாம் கூலியாள். கருவி எடுத்துக் கொடுப்பதும் தண்ணீர் மொண்டு வருவதும் நம் பணி.

விசிறிப் பக்கத்திலிருந்து வரும் ஓசை எல்லாம் ஓரோசை அன்று என்று அன்றுதான் கற்றோம். கீச்சென்று கூவினால் பட்டை. அதன்மேல் சிறிது தண்ணீர் தெளித்தால் ஓசை ஒரு கணம் மாறும், குற்றவாளி அகப்படுவான். கரகரவென்று அரைத்தால் தண்ணீர்ப் பம்பின் பேரிங். எஞ்சினை நிறுத்தி, விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியும், பம்பின் அடித்துளையிலே கசிவுத் தடமும் தெரியும். தட்தட்டென்று தட்டினால் விசிறியிதழ் தன்னைச் சூழ்ந்த கூட்டில் உரசுகிறது. உரசிய இடம் புதிதாய்ப் பளபளக்கும். அப்போது விசிறியைத் திட்டிப் பயனில்லை. எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தளர்ந்து எஞ்சின் சரிந்திருக்கிறது என்று பொருள். இவை எதுவும் இல்லாமல், காற்றே உறுமுவதுபோல் பேரிரைச்சல் எழுந்து, எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால், விசிறி முழு வேகத்தில் காற்றை இழுக்கிறது. எட்டு இதழ் விசிறி நிமிடத்துக்கு 1,800 முறை சுழன்றால், நொடிக்கு 240 முறை காற்றை அறைகிறது. ஊளை பிறக்காமல் என்ன செய்யும்?

நம்முடையது அந்தக் கடைசி வகை. ஏன் அது முழு வேகத்தில் ஓட வேண்டும்? இந்த வகை வண்டியில் விசிறி, எஞ்சினோடு நேராகப் பிணைக்கப்படவில்லை. நடுவே ஒரு கிளட்ச். அதனுள்ளே கெட்டியான சிலிக்கோன் எண்ணெய். கிளட்சின் நெற்றியிலே இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு சுருள். ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால், இரு உலோகமும் வெவ்வேறளவில் விரிய, சுருள் முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு கதவைத் திறக்கும். எண்ணெய் தட்டுகளுக்கிடையே பாயும். எஞ்சினின் சுழற்சி விசிறியைப் பற்றிக்கொள்ளும். காற்று குளிர்ந்தால் பிடி தளரும். மின்கம்பி இல்லை, கட்டளையிடுவோர் இல்லை. சூட்டை உணர்கிறது, உழைக்கிறது. சூடு தணிந்தால் ஓய்கிறது. (2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் வந்த வண்டிகள் பலவற்றில் இந்தப் பிடிப்பை மின்னணுக் கட்டளை ஏவுகிறது. நம்முடையது அதற்கு முந்தியது.) விடியற்காலையில் வண்டியை எழுப்பியதும் ஓரிரு நிமிடம் விசிறி இரைவதுண்டு, இரவெல்லாம் எண்ணெய் உள்ளே தேங்கி நின்றதன் விளைவு. அது நோயன்று, கொட்டாவி.

சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியையும் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே, விசிறியைக் கையால் சுழற்ற ஓட்டுநர் பையனை விட்டார். விரல் நுனி இழந்தவரின் எச்சரிக்கை! விசிறி, தேனில் தோய்ந்ததுபோல் தயங்கித் தயங்கிச் சுழன்று நின்றது. தடையே இன்றிச் சுழன்றால் எண்ணெய் ஒழுகிவிட்டது என்று பொருள். அசையாது இறுகினால் உள்ளே சிக்கிக்கொண்டது என்று பொருள். இது இரண்டும் அன்று, நல்ல கிளட்ச். பழையதும் அப்படித்தான் இருந்தது என்று பையன் சத்தியம் செய்தான். நம் பணம் போனது போனதுதான்.

பிறகு அவன் கேட்டது ஒரு செய்தித்தாள். நம் பையில் இருந்தது நாம் எழுதும் இதழ். அதையே கொடுத்தோம். எஞ்சினை ஓடவிட்டு, வண்டியின் முன்னே நின்று, திருஷ்டிப் பலகையைக் கழற்றிவிட்டு, தாளை முன்வலைமீது வைத்துக் கையை எடுத்தான். விசிறி உள்ளிருந்து காற்றை இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஓரங்களில் ஒட்டிற்று. நடுவில் வைத்தபோது நம் கட்டுரை, தலைப்போடும் படத்தோடும், சரேலென நழுவி மணலில் விழுந்தது. கட்டுரைக்கு அவ்வளவு மதிப்பா என்று நாம் கேட்க, அதுவரை சிரித்தறியாத ஓட்டுநரும் சிரித்தார்.

நடுவே காற்று போகவில்லை! ஆனால் முன்புறத் தகடுகள் தூயனவாகத்தானே தெரிகின்றன? அவை ரேடியேட்டர் அல்ல. அதற்கு முன்னால் நிற்கும் இன்டர்கூலர். அதற்கும் ரேடியேட்டருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி. போல்ட்டுகளைக் கழற்றி, இன்டர்கூலரைச் சாய்த்தபோது, அந்த இடைவெளியில் ஒரு கம்பளி விரிந்திருக்கக் கண்டோம். கல்லுடைப்பின் வெண்துகள், எண்ணெய்ப் பிசுக்கு, கடற்காற்றின் ஈரம், அவற்றையெல்லாம் பின்னிப் பிணைத்த சவுக்கு ஊசியிலைகள். செங்கற்பட்டின் புழுதியும் மாமல்லபுரத்தின் சவுக்கும் சேர்ந்து நெய்த கம்பளி! மேற்புறச் சந்து வழியே நாளும் கொஞ்சமாய் விழுந்து, யார் கண்ணிலும் படாமல் கெட்டித்திருக்கிறது. முன்னே, கண்ணேறு படாதிருக்கக் கட்டிய பலகை, மிச்சமிருந்த காற்றையும் மறித்திருக்கிறது.

சூட்டைக் காட்டும் முள் ஒருநாளும் எல்லை தாண்டவில்லையே, ஏன்? அதற்கும் பையனே விடை சொன்னான்: "பேன் தாங்கிப் பிடிச்சுதுங்க." முள் அமைதியாக இருந்ததே விசிறியின் கூச்சலால்தான். அதற்கு எஞ்சின் கொடுத்த கூலியும் சிறிதன்று: விசிறியின் வேகம் இருமடங்கானால், அது கேட்கும் ஆற்றல் எட்டு மடங்கு. ஏறிய டீசல் கணக்கு அங்கேதான் போயிற்று. இன்னும் ஒரு திங்கள் விட்டிருந்தால், விசிறியாலும் தாங்க முடியாத ஒரு நண்பகலில், எஞ்சின் வெந்திருக்கும். எஞ்சினோடு பாதிக் கடனும், பாதிக் கடனோடு நாமும்.

கழுவினோம். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாக, வந்த வழியே அழுக்கு திரும்பிப் போகும்படி, மென்மையான நீரோட்டத்தில். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கி, கழுவியதே அடைப்பாகிவிடுமாம். கீழ்மூலையில் சில தகடுகள், தொட்டதும் வெண்பொடியாய் உதிர்ந்தன. உப்பு! கடற்காற்று அலுமினியத்தை அரிக்கும் அரிப்பு.

உப்பு அலுமினியத்தை மட்டுமா அரிக்கிறது? சற்றுத் தொலைவில், எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுத்த கடற்கரைக் கோயில். அதன் சிற்பங்களின் மூக்கும் விழியும் காற்றாலும் உப்பாலும் கரைந்து மழுங்கியிருப்பதைப் பார்த்தவர் அறிவர். தொல்லியல் துறையினர் நனைத்த காகிதக்கூழைக் கல்மேல் அப்பி, அது உலரும்போது உள்ளிருக்கும் உப்பை உறிஞ்சியெடுக்கச் செய்கின்றனர். தெய்வம் குடியிருந்ததாகச் சொல்லப்படும் கல்லுக்கும் காகிதக்கூழும் நல்ல தண்ணீருமே மருத்துவம். இன்னும் தெற்கே கல்பாக்கம். 1984-லும் 1986-லும் இயங்கத் தொடங்கிய இரண்டு அணுவுலைகளுக்கு, கடலடிச் சுரங்கவழி நீரை இழுத்துக் குளிர்விக்கும் ஏற்பாடு. அந்த நீர்வழியிலே பச்சை மட்டிகள் ஒட்டி வளர்ந்து அடைப்பதும், இழுதுமீன்கள் கூட்டமாய் வந்து வலைகளை மூடுவதும், அங்குள்ள அறிவியலார் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய செய்திகள். அணுவுலைக்கு மட்டி; நம் லாரிக்குச் சவுக்கு ஊசி. யாரும் அணுவுலை வாயிலில் பூசணி உடைத்து மட்டியை விரட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள், முழுச் சுமையோடு, சரியாக உச்சிவேளையில் புறப்படச் சொன்னோம். நாமும் ஏறிக்கொண்டோம். திருக்கழுக்குன்றம் வந்தது, ஒரு காலத்தில் உச்சிப்பொழுதில் கழுகு வரும் என்று கூட்டம் காத்திருந்த மலை. கழுகுகள் வருவது நின்று பல்லாண்டாயிற்று. மேடு ஏறும்போது விசிறி ஒருமுறை குரல் எழுப்பிற்று. மேடு கடந்ததும் அடங்கிற்று. மாமல்லபுரம் வரை அப்படியே. பையன் மூடியைத் திறந்து வட்டம் ஒன்று போட்டான்; குறுக்குக் கோடு போடவில்லை.

மைத்துனருக்குச் செய்தி சொன்னோம். "பார்த்தீங்களா மாமா, பூசணிக்காய் வேலை செய்ய ஒருமாசம் ஆகும்னு சொன்னேனே" என்றார். அவர் அப்படிச் சொன்னதாக நமக்கு நினைவில்லை. ஆயினும் பலகையை மீண்டும் கட்டவில்லை. வீட்டு மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்.

பையனுக்கு நாம் கடன்பட்டது பணத்தால் மட்டும் அன்று. அவனிடம் சொன்னோம்: "தம்பி, அன்று உன்னைத் தார்ப்பாய் கட்டப் போ என்றோம். தவறு." அவனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, "பரவாயில்லீங்க ஐயா, தார்ப்பாயும் கட்டணும்தானே" என்றான். டீசல் மெக்கானிக் பயிற்சிக்கு ஐ.டி.ஐ. சேர்க்கலாம் என்று விசாரித்தோம். ஓராண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். ஒருமாதத்துச் சாக்கட்டிக் கணக்குக்கு அங்கே மதிப்பெண் இல்லை. தனித்தேர்வராக எழுதலாம் என்றார்கள், விண்ணப்பம் போட்டாயிற்று. புத்தகங்களை மைத்துனர்தாம் வாங்கிக் கொடுத்தார்; இதை எழுதாமல் விட்டால் அவருக்கு அநீதி.

இப்போதெல்லாம் விடியற்காலையில் வண்டியை எழுப்பும்போது, அவன் கதவோரம் அமர்ந்து கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறான். விசிறி தன் கொட்டாவியை விடுகிறது. அவன் தலை நிமிர்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இரைச்சல் தணிகிறது. பையன் மீண்டும் புத்தகத்தில் குனிகிறான். ஓட்டுநர் கியரைப் போடுகிறார்.